நெகட்டிவ் மெலிசா, கெட்டியா? கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நோய் பார்த்து நேரம் சரிசெய்தல்

வீட்டில் ஃபிலிம் கழுவ ஆரம்பிக்கும் பெரும்பாலோர் ஐந்தாறு ரோலுக்குள் ஒரு கெட்ட பழக்கத்துக்கு வந்துவிடுகிறோம். படம் சரியில்லை என்றால் உடனே கழுவும் நேரத்தில் கை வைப்பது. என் பழைய நோட்டில் ஒரு வருடத்துக் கணக்கு இப்படித்தான் இருக்கிறது: ஏழரை நிமிடம், ஒன்பது, எட்டேகால், பத்து, மறுபடி எட்டு. இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் ஃபிலிமை, நீர் கலக்காத டி-76 என்ற கோடாக் டெவலப்பரில் (படத்தைத் தெரியவைக்கும் மருந்து) கழுவ இல்ஃபோர்ட் தாளில் போட்டிருக்கும் நேரமே ஏழரை நிமிடம்தான். ஏழரையில் ஆரம்பித்தால் சனி பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்த ஒரு வருடமும் என் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கேமராவில் விழாத வெளிச்சத்தை டேங்கில் ஊற்றிக் கொண்டுவர முடியாது. ஆகவே நேரத்தைத் தொடும் முன், தப்பு நடந்தது எங்கே என்று நெகட்டிவையே கேட்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் 35 மி.மீ. எச்பி5 பிளஸ், ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்த டி-76, சென்னைக் குழாய்த் தண்ணீர் என்ற கணக்கில் எழுதியது. ஃபிலிமும் டெவலப்பரும் மாறினால் எண்கள் மாறும், பார்க்கும் வரிசை மாறாது.

முதலில் ஓரத்தைப் பாருங்கள்

ஃபிலிமின் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஃபிலிமின் பெயரும் படங்களின் எண்ணும் இருக்கும். தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்த எழுத்து அது. உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெவலப்பரில் நனைந்த பிறகுதான் தெரியவரும் என்பதால், கழுவியது சரியா என்பதற்கு அதுதான் சாட்சி. எழுத்து நல்ல கறுப்பாக இருந்து படங்கள் மட்டும் மெலிசாக இருந்தால் குற்றம் கேமராவில். எழுத்தும் படமும் சேர்ந்து மங்கலாக இருந்தால் குற்றம் டேங்கில். தொகுதிக்குத் தொகுதி எழுத்தின் அழுத்தம் கொஞ்சம் மாறும். அதனால் நன்றாக வந்த ஒரு பழைய ரோலின் துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. ஸ்கேன் செய்த படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்கேனர் மென்பொருள் தானாகவே கறுப்பையும் வெள்ளையையும் இழுத்துப் பிடித்து எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும். நெகட்டிவை லைட் பேட் மேல் வைத்துக் கண்ணால் பாருங்கள்.

முழு ரோலும் கண்ணாடி மாதிரி வெறுமை

ஓர எழுத்தும் இல்லை என்றால் டெவலப்பர் வேலையே செய்யவில்லை, அல்லது படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. பாட்டில் மூடிகளை வேறு வேறு நிறத்தில் வைத்தால் போதும். எழுத்து இருந்து படம் இல்லை என்றால் ஃபிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை. அடுத்த முறை ஃபிலிமை நகர்த்தும்போது இடப்பக்கம் உள்ள சுருட்டும் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள்.

டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்பதை ரோலுக்கு ரோல் பார்த்துவிடலாம். ஃபிலிமின் முனையில் வெட்டிப் போடும் நாக்குத் துண்டை வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடங்களில் கரிக்கட்டை மாதிரி கறுக்க வேண்டும். கறுக்கவில்லை என்றால் ஒரு துண்டோடு போயிற்று, ரோல் பிழைத்தது.

எழுத்து நன்றாக இருக்கிறது, நிழல் மட்டும் காலி

கறுப்புக் கல் தூண், தலைமுடி, மரத்தடி நிழல் இவையெல்லாம் நெகட்டிவில் வெறும் ஃபிலிமாகவே இருக்கும். பிரிண்ட் போட்டால் மைக்குழம்பு. இது வெளிச்சம் போதாத நோய். கழுவும் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சப் பகுதிகள்தான் மேலும் கெட்டியாகும். நிழலில் பதியாததைக் கூட்ட அங்கே எதுவும் இல்லை. 400 வேக ஃபிலிமான எச்பி5ஐ 1600 என்று கணக்கிட்டுத் தள்ளி எடுக்கிறவர்கள் (வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, அதிகம் கழுவுகிறவர்கள்) இழப்பதும் இந்த நிழலைத்தான். அது தெரிந்து செய்யும் இழப்பு.

முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். 1960, 70களின் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் இத்தகைய கேமராக்களில் மீட்டர் பெரும்பாலும் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். நீங்கள் குறைத்து எடுப்பீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் காது மிஷின் பேட்டரியில் 675 என்ற அளவு ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும், பல கேமராக்களில் சின்ன வளையம் ஒன்றோடு பொருந்திவிடும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சிலவற்றின் சுற்று வோல்ட் மாற்றத்தைத் தாங்கும்படி அமைந்தது, அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

மீட்டர் சரி என்றால், பெட்டியில் எழுதிய 400 என்ற வேகம் (ஐஎஸ்ஓ) உங்கள் கேமராவுக்கும் உங்கள் டேங்குக்கும் எவ்வளவு என்று சோதித்துவிடலாம். இது புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளைவரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையின் அடிப்படைச் சோதனைதான். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும்; அதை ஐந்தாம் ஸோன் என்று வைத்துக்கொண்டால், அதற்கு நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) கீழே முதல் ஸோன், மூன்று ஸ்டாப் மேலே எட்டாம் ஸோன்.

வராண்டா நிழலில் சீராக வெளிச்சம் விழும் சுவர் ஒன்று வேண்டும். லென்ஸை முடிவிலியில் வையுங்கள், சுவரின் சொரசொரப்பு பதியக் கூடாது. 400க்கு மீட்டர் 1/60, எஃப்/8 என்று காட்டுகிறது என்போம். நான்கு ஸ்டாப் கீழே என்றால் 1/250, எஃப்/16. முதலில் லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு வெற்றுப் படம். பிறகு ஷட்டரை 1/250இலேயே விட்டு, எஃப்/16, 16க்கும் 11க்கும் நடுவில், 11, 11க்கும் 8க்கும் நடுவில், 8 என ஐந்து படங்கள். இவை முறையே 400, 280, 200, 140, 100 என்ற வேகங்களுக்குச் சமம். அதோடு மூன்று ஸ்டாப் மேலே ஒரு படம்: 1/15, எஃப்/5.6. கடைசியில் மூடியோடு மூன்று படம் வெறுமையாக விடுங்கள். இந்த வரிசையை ஒரே ரோலில் மூன்று முறை எடுத்தால் 30 படம். நடுவில் மேகம் வந்து வெளிச்சம் மாறினால் ஆரம்பத்திலிருந்து எடுங்கள், சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மாலை நேரத்தில் செய்தால் நீண்ட ஷட்டர் தேவைப்படும். ஒரு வினாடியைத் தாண்டினால் ஃபிலிம் தன் வேகத்தை இழக்கும், சோதனை செல்லாது.

இரவில் குளியலறைக் கதவின் கீழ் துண்டைச் செருகி, இருட்டில் ரோலை மூன்றாக வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? அதே கேமராவில் எடுத்து, வெட்டாமல் வைத்திருக்கும் பழைய நெகட்டிவ் ஒன்றில் முன்கூட்டியே அந்த இடங்களில் சின்னக் காது வெட்டிவைத்து, இருட்டில் பக்கத்தில் நீட்டித் தடவிப் பார்த்து வெட்டுங்கள். நடுவில் விட்ட மூன்று வெற்றுப் படங்கள் கைப்பிசகைத் தாங்கிக்கொள்ளும்.

முதல் துண்டை மட்டும் வழக்கமான நேரத்துக்குக் கழுவி, காயவைத்து, அளக்க வேண்டும். அடர்த்தி அளக்கும் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மேக்ரோ எடுக்க முடிந்த டிஜிட்டல் கேமரா ஒன்று போதும். அறையை இருட்டாக்கி, லைட் பேட் மேல் வெற்றுப் படத்தைத் திரை நிறையப் பிடித்து, மேனுவலில் மீட்டர் நடுவில் நிற்கும்படி அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் அமையுங்கள். ஷட்டர் 1/60 ஆக இருக்கட்டும். எல்இடி பேட் துடிப்பதால் அதைவிட வேகமான ஷட்டர் வேண்டாம். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, மீட்டர் நடுவுக்கு வர ஷட்டரை எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு ஸ்டாப் என்பது 0.3 அடர்த்தி, மூன்றில் ஒரு பங்கு 0.1. வெற்று ஃபிலிமைவிட 0.1 கூடுதலாக இருக்கும் முதல் படம், அதாவது 1/50 கேட்கும் படம் எதுவோ, அதுதான் உங்கள் உண்மையான வேகம். எனக்கு எச்பி5 200இல் வந்து நின்றது. உங்களுக்கு 280 வரலாம். 400 வந்தால் சந்தோஷப்படும் முன் ஷட்டரைச் சந்தேகியுங்கள். வயதான கேமராக்களில் 1/250 என்று எழுதியிருப்பது நிதானமாகத் திறந்து மூடி 1/150ஐச் செய்துகொண்டிருக்கும்.

எழுத்தே மங்கல், படம் சப்பென்று இருக்கிறது

நிழலில் விவரம் இருக்கும், ஆனால் வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டிகூடச் சாம்பலாகத்தான் வரும். கழுவியது போதவில்லை. மருந்து செத்துக்கொண்டிருக்கலாம்: டி-76ஐக் கரைத்து விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம் என்பது கோடாக் கணக்கு. நம் ஊர் மே மாதத்துக்கு அதையும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்கிறேன். டீ நிறத்துக்கு வந்துவிட்டால் கீழே ஊற்றுங்கள்.

அளவும் முக்கியம். ஒரு ரோல் டேங்குக்கு 290 மி.லி. போதும் என்று டேங்கின் அடியில் எழுதியிருக்கும். ரோடினால் என்ற டெவலப்பரை நூறுக்கு ஒன்றாகக் கலந்தால் அதில் உண்மையான மருந்து 3 மி.லி.கூட இராது, ஒரு முழு ரோலுக்கு அது பற்றாது. டி-76இல் இந்தச் சிக்கல் சிறியது. ஒன்றுக்கு ஒன்றில் 237 மி.லி. டேங்கில் ஒரு ரோல் கழுவினால் நேரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது கோடாக்.

மருந்தைத் தானே கலப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, இவ்வளவுதான் டி-76. கெமிக்கல் கடையில் சல்ஃபைட் கேட்டால் சல்ஃபேட் கட்டிக் கொடுப்பது எனக்கே இரண்டு முறை நடந்தது. பொட்டலத்தில் எழுதியதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வேடிக்கை என்னவென்றால், சூடான ஊர்களுக்கான பழைய டெவலப்பர்களில் ஜெலட்டின் ஊதிப் போகாமலிருக்க அதே சல்ஃபேட்டை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். சல்ஃபைட்டுக்குப் பதிலாக அல்ல, அதோடு கூட.

வெள்ளை எல்லாம் சுண்ணாம்பு

எழுத்து பளிச், நிழல் பரவாயில்லை, ஆனால் வானமும் வேட்டியும் நெகட்டிவில் தார் பூசியது போல. நெகட்டிவைச் செய்தித்தாள் மேல் படுக்க வைத்துப் பாருங்கள். மிகக் கெட்டியான வெளிச்சப் பகுதி வழியாக எழுத்தைச் சிரமப்பட்டாவது படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அதிகம் கழுவிவிட்டீர்கள்.

நம் ஊரில் இந்த நோய்க்கு முதல் காரணம் சூடு. தாள்களில் உள்ள நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. ஊட்டிக்காரர்களுக்குக் குழாய்த் தண்ணீரே அந்தப் பக்கம்தான் இருக்கும். 'இந்து' ஃபிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை அங்கே கொண்டுபோய் வைத்ததற்குக் குளிரும் தூசியற்ற காற்றும் காரணம் என்பார்கள். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் மூன்று மணிக்குக் காப்பி ஆற்றிய சூட்டில் வரும். ஐஸைப் போட்டு 20க்கு இறக்கலாம். ஆனால் டேங்க் 31 டிகிரி அறையில் பதின்மூன்று நிமிடம் இருந்தால் 20இல் நிற்காது, அலசும் தண்ணீர் மறுபடி 31. என் தீர்மானம், 20ஐத் துரத்துவது வீண். வருடம் முழுக்கப் பிடித்துவைக்க முடிகிற சூடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் 24இல் நிற்கிறேன். பெரிய பக்கெட்டில் 24 டிகிரித் தண்ணீர், அதில் டேங்க்கும் எல்லா பாட்டில்களும், உறைய வைத்த வாட்டர் பாட்டில் ஒன்று ஓரத்தில். டிகிரிக்குச் சுமார் 10 சதவீதம் நேரம் குறையும். எச்பி5க்கு ஒன்றுக்கு ஒன்றில் 20 டிகிரியில் 13 நிமிடம் என்றால் 24இல் ஏறக்குறைய 9. நீர் கலக்காத மருந்தில் ஏழரை நிமிடம் ஐந்துக்கு வந்துவிடும். ஐந்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும் ஆபத்து. நீர் கலந்து கழுவச் சொல்வதற்கு எனக்கு அதுதான் காரணம், சிக்கனம் அல்ல.

தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் உங்களுடையதையும் சேர்த்து 37 டிகிரி வெந்நீரில் விட்டுப் பாருங்கள். என்னுடையது இரண்டு டிகிரி குறைத்துக் காட்டியது. நான் 24 என்று நினைத்துக் கழுவியதெல்லாம் 26.

இப்போது அந்த 9ஐச் சோதிப்போம். முதல் துண்டிலேயே எட்டாம் ஸோன் படம் இருக்கிறதே, அதை அதே முறையில் அளந்து பாருங்கள். வெற்றுப் படம் 1/60 என்றால் இது 1/4 கேட்க வேண்டும், நான்கு ஸ்டாப். 0.3 வினாடிவரை போனாலும் சரி. அதைத் தாண்டினால் அதிகம் கழுவியிருக்கிறீர்கள், நேரத்தில் 15 சதவீதம் குறைத்து இரண்டாம் துண்டைக் கழுவுங்கள். நான்கு ஸ்டாப் எட்டவில்லை என்றால் அதே அளவு கூட்டுங்கள். மூன்றாம் துண்டு உறுதி செய்ய. 400க்குக் கணக்கிட்டு எடுத்த எட்டாம் ஸோன் படம் இது. உங்கள் வேகம் 200 என்று வந்திருந்தால் அடுத்த சோதனை ரோலில் அதையும் ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தால்தான் எண் சரியாக நிற்கும். நேரம் மாறும்போது முதல் ஸோனும் கொஞ்சம் நகரும், கடைசித் துண்டில் அதையும் ஒரு முறை பாருங்கள். கண்டென்சர் என்லார்ஜர் (விளக்கொளியை லென்ஸால் குவித்துப் பிரிண்ட் போடும் கருவி) வைத்திருப்பவர்கள் நான்கு ஸ்டாப்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த விளக்கு தானே காண்ட்ராஸ்டை ஏற்றும்.

இப்படி வரும் நேரம் சாதாரண வெளிச்சத்துக்கு. கத்திரி வெயிலில் கோயில் பிரகாரத்தை எடுத்துவிட்டு வந்தால் அதே நேரம் உதவாது. அன்றைக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக எடுத்து, நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறைப்பேன்.

ரோலுக்கு ரோல் வேறு மாதிரி

குலுக்கல்தான் காரணமாக இருக்கும். இல்ஃபோர்ட் முறை முதல் பத்து வினாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துவது, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே போல் நான்கு. கோடாக் அரை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும். எதுவானாலும் சரி, மாற்றாதீர்கள். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு கழுவிய நாட்களில் காண்ட்ராஸ்ட் கூடியதை நோட்டில் பார்த்திருக்கிறேன். தாளத்துக்கு ஏற்றபடி கை ஆடியிருக்கிறது.

கோடு, வட்டம், திட்டு

ஓட்டைகளிலிருந்து உள்ளே நீளும் கெட்டியான கோடுகள் மூர்க்கமாகக் குலுக்கியதால் வருபவை. மருந்து ஓட்டை வழியாகப் பாய்ந்திருக்கிறது. சின்னச் சின்ன வெளிறிய வட்டங்கள் காற்றுக் குமிழி, ஊற்றியதும் டேங்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். நகக்கீறல் போன்ற பிறை வடிவம், ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியது. நம் ஊர் ஈரக் காற்றில் பிளாஸ்டிக் ரீல் பிசுபிசுக்கும். ஹேர் டிரையரில் காயவைத்துவிட்டு ஏற்றுங்கள். குளித்த கையோடு குளியலறையில் ஏற்றாதீர்கள்.

பால் படிந்தது போல், அல்லது ஊதா

பால் படிவு ஃபிக்ஸர் போதாததால். மறுபடி ஃபிக்ஸரில் போட்டால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஃபிக்ஸர் புதிதாக இருக்கும்போதே ஒரு நாக்குத் துண்டைப் போட்டு எத்தனை வினாடியில் தெளிகிறது என்று பாட்டிலில் எழுதிவையுங்கள். ஃபிலிமுக்கு அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு நேரம் கொடுங்கள். தெளியும் நேரமே இரட்டித்துவிட்டால் ஃபிக்ஸரை மாற்றுங்கள். ட்ரை-எக்ஸ், டி-மேக்ஸ் ஃபிலிம்களில் லேசான ஊதா சாயம் மிஞ்சுவது சகஜம், நன்றாக ஃபிக்ஸ் செய்து அலசினால் பெரும்பாலும் போகும்.

அலச மணிக்கணக்கில் குழாயைத் திறந்துவிட வேண்டாம். டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, நிரப்பிப் பத்து முறை, நிரப்பி இருபது முறை. மூன்று டேங்க் தண்ணீரில் முடிந்தது. அந்தத் தண்ணீரும் பக்கெட்டிலிருந்து அதே 24இல் எடுத்ததாக இருக்கட்டும். ஐஸ் குளிரிலிருந்து நேரே வெந்நீருக்குப் போனால் ஜெலட்டின் சுருங்கி வெடித்து, காய்ந்த ஏரி மண் போலாகும். இன்றைய ஃபிலிம்கள் சுலபத்தில் அப்படி ஆவதில்லை. ஆனாலும் பரீட்சை வைக்காதீர்கள்.

காய்ந்த பிறகு வெள்ளைத் தடம்

போர் தண்ணீரின் உப்பு. கடைசி அலசலை மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில், ஈரமூட்டி சில துளி விட்டுச் செய்யுங்கள். பளபளப்பான பக்கத்தில் உள்ள தடத்தை மூச்சு ஊதி மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். மங்கலான பக்கத்தில் விரல் படவே கூடாது. அதை மறுபடி அதே தண்ணீரில் ஊறவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொங்கவிடுங்கள்.